காஞ்சிக்குக் கோர்ட்டுச் சொற்கள் வந்த வரலாறு

 இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"காலம் கெட்டுப்போச்சு சார், குற்றம் பெருகிப்போச்சு." காலை நடைப்பயிற்சியிலும், டீக்கடையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் இல்லை. "எந்தக் குற்றம் பெருகியது, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால், "பேப்பர்ல போடறானே, எஃப்.ஐ.ஆர்., சார்ஜ் ஷீட், ரிமாண்டு, நான் பெயிலபிள்..." என்று பதில் வரும். அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று கேட்டால் பாதிப் பேர் சிரித்து மழுப்புவார்கள்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு தொடக்கப் பள்ளியில் சேர்ந்து, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் அதற்குப் பயப்படுவது நம் மக்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தச் சொற்கள் நம் ஊருக்கு எப்படி வந்தன, வந்து என்ன செய்தன என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

1. இங்கிலீஷ் வருவதற்கு முன்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். குற்றமும் வழக்கும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தவை அல்ல.

ஏழாம் நூற்றாண்டில் நம் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற வேடிக்கை நாடகத்தை வடமொழியில் எழுதினான். கதை நடப்பது இதே காஞ்சித் தெருக்களில். ஒரு காபாலிகனின் கபாலப் பாத்திரம் காணாமல் போகிறது. அவன் உடனே ஒரு பௌத்தத் துறவியைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற பேச்சு வரும்போது காபாலிகனின் துணைவி தடுக்கிறாள். விகாரைகளின் செல்வமெல்லாம் துறவியின் பக்கம் இருக்கிறது, அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான், நமக்கு என்ன கதி என்பது அவள் கவலை. கடைசியில் பார்த்தால் பாத்திரத்தைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். சந்தேகத்தின் பேரில் பிடிப்பது, லஞ்சத்துக்கு அஞ்சிக் கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பது, உண்மை வேறு எங்கோ கிடப்பது, எல்லாமே 1,300 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் எழுதப்பட்டுவிட்டன. எழுதியவன் அந்த ஊரின் அரசன் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

அடுத்தது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. வாரியத்துக்கு யார் வரலாம் என்று சொல்வதோடு யார் வரக்கூடாது என்றும் அவை சொல்கின்றன. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது, அவனுடைய உறவினரும் வரக்கூடாது. பெரும் பாதகம் செய்தவன் கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் கூடாது. கணக்குக் காட்டாததைத் திருட்டோடு ஒரே பட்டியலில் வைத்த ஊர்ச்சபை அது.

மூன்றாவது, குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார். பெரிய புராணத்தில் சுந்தரரை அடிமை என்று முதியவர் ஒருவர் ஓலை காட்டி உரிமை கோரும் இடம் முழுக்க முழுக்க ஒரு நீதிமன்றக் காட்சி. அங்கே சான்றுகள் மூன்று வகையாகச் சொல்லப்படுகின்றன: ஆட்சி, ஆவணம், காட்சி. ஆட்சி என்றால் வழிவழியாக வரும் நடைமுறை. ஆவணம் என்றால் எழுத்து. காட்சி என்றால் கண்டவர் சாட்சி. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுகூட அங்கே உண்டு. இன்றைக்குக் கோர்ட்டில் 'டாக்குமென்ட்', 'விட்னஸ்' என்று கேட்கும்போது, இவற்றுக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே நமக்குச் சொல் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

2. வக்கீலும் ஜாமீனும்

பிறகு கோல்கொண்டா, மொகலாயர், ஆற்காட்டு நவாப் என்று ஆட்சிகள் மாறின. கச்சேரி மொழி பாரசீகமாயிற்று. வக்கீல், ஜாமீன், கைதி, ஜப்தி, ஆஜர், நகல், வாய்தா, அமீனா, பிராது, முன்சீப் எல்லாம் அந்த வழியில் வந்து சேர்ந்தவை. என் பாட்டி இங்கிலீஷில் ஒரு எழுத்தும் அறியாதவர். ஆனால் "வாய்தா மேல வாய்தா" என்று அலுத்துக்கொள்வார். போலீஸ்காரரை "டாணாக்காரன்" என்பார். அவருக்கு அவை அந்நியச் சொற்கள் என்ற எண்ணமே இருந்ததில்லை. ஒரு சொல் நம் வீட்டுப் புழக்கத்துக்கு வந்து, பொருளும் புரிந்துவிட்டால் அது எங்கிருந்து வந்தால் என்ன? சொல் வந்து பொருள் வராமல் போவதுதான் சிக்கல்.

3. கிட்டிக்கோலும் பீனல் கோடும்

1763-இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். காஞ்சிபுரம் அதற்குள் வந்தது. கம்பெனி ஆட்சியில் வரி வசூலிப்பவரும் குற்றவாளியைப் பிடிப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருந்தார்கள். விளைவு, வரி பாக்கிக்கும் அடி, திருட்டை ஒப்புக்கொள்ளவும் அடி. புகார்கள் லண்டன் பாராளுமன்றம்வரை போய், 1854-இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதன் அறிக்கை 1855-இல் வந்தது.

அந்த இங்கிலீஷ் அறிக்கைக்குள் இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே ஏறின. ஒன்று கிட்டி: விரல்களை இரண்டு கோல்களுக்கு நடுவில் வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: ஆளை வளைத்துக் கட்டி அசையாமல் நிறுத்திவைப்பது. இவற்றுக்கு இங்கிலீஷில் சொல் இல்லாததால் நம் சொல்லையே எழுதிக்கொண்டார்கள். கொள்ளைக்கு 'டக்காயிட்', 'லூட்' என்று வடநாட்டுச் சொற்கள் இங்கிலீஷுக்குப் போனது பலருக்குத் தெரியும். நாம் கொடுத்த சொற்கள் இவை. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் மறக்கவும் கூடாது.

இந்த அறிக்கைக்குப் பிறகு 1859-இல் மதராஸ் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் வேலை வரி வசூலிலிருந்து பிரிந்தது. அதற்கு அடுத்ததுதான் பெரியது. மெக்காலே தலைமையில் 1837-இல் நகல் எழுதி, 1860-இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம். மெக்காலேயின் கல்விக் கொள்கையை நான் ஒப்புக்கொள்பவன் இல்லை. ஆனாலும் ஓர் ஆசிரியனாக அந்தச் சட்டப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. பல குற்றங்களுக்கு இலக்கணம் சொன்ன கையோடு எடுத்துக்காட்டும் சொல்கிறது. திருட்டு என்றால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இசட் என்பவனுடைய நாயைக் கவர நினைத்து, ஏ என்பவன் தன் பையில் நாய்க்குப் பிடித்த தீனியை வைத்துக்கொண்டு நடக்கிறான். நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கிய கணமே திருட்டு நடந்துவிட்டது. வகுப்பில் பாடம் நடத்துவது போலவே இருக்கிறது அல்லவா?

ஆனால் பாடம் இங்கிலீஷில் இருந்தது. பிள்ளைகளுக்குத் தெரிந்தது தமிழ். இதை உணர்ந்து முதலில் கை வைத்தவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. உயர் நீதிமன்றத்துக்கு முன் இருந்த சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862-இல் வெளியிட்டார். 1879-இல் வந்த தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும் விடவில்லை. நீதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், கட்சிக்காரரும் தமிழர், வாதம் மட்டும் இங்கிலீஷில் ஏன் என்று கேட்டுக் கிண்டல் செய்திருக்கிறார். ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. மாவட்ட அளவில் தமிழ் வந்துவிட்டது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் இதுவரை நடக்கவில்லை.

4. தறித் தெருவில் மூன்று சொற்கள்

நம் ஊர்த் தொழிலை வைத்தே பார்ப்போம். தமிழில் பொதுவாக "திருடிட்டான்", "ஏமாத்திட்டான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சட்டம் அதை மூன்றாகப் பிரிக்கிறது.

ஒருவர் வீட்டில் வைத்திருந்த பட்டு நூல் கட்டை அவர் அறியாமல் இன்னொருவர் தூக்கிக்கொண்டு போனால் அது 'தெஃப்ட்', திருட்டு.

முதலாளி பாவும் ஊடையும் சரிகையும் எடைபோட்டுக் கொடுத்து, நெய்து கொடுக்கச் சொல்கிறார். வாங்கிய ஆள் அதில் ஒரு பகுதியை நேர்மையில்லாமல் வெளியே விற்றுவிட்டால் அது திருட்டு அல்ல. பொருளை நம்பி ஒப்படைத்தது முதலாளியேதான். அதனால் அதன் பெயர் 'கிரிமினல் பிரீச் ஆஃப் ட்ரஸ்ட்', நம்பிக்கை மோசடி.

வெள்ளி இழைச் சரிகை என்று சொல்லித் தாமிர இழையைப் போட்ட சேலையை விற்றுக் காசு வாங்கினால் அது 'சீட்டிங்', ஏமாற்றுதல். இங்கே பொய் முதலில் வருகிறது, அந்தப் பொய்யை நம்பிப் பணம் கைமாறுகிறது. இதன் பெரிய வடிவத்துக்குத்தான் 420 என்ற எண். 'ஃபோர் ட்வெண்டி' என்று ஆளுக்கே பட்டப்பெயர் ஆகிவிட்டது.

இந்த வேறுபாடு வக்கீலுக்கு மட்டும்தான் தேவை என்று நினைக்காதீர்கள். கூலித் தகராறில் "திருடன்" என்று ஒருவரைத் தெருவில் வைத்துக் கத்திவிடுகிறோம். பாவில் எடை குறைந்ததற்குக் கழிவு காரணமா, கணக்குப் பிழை காரணமா, நிஜமாகவே விற்றாரா என்று பிரித்துக் கேட்க இந்தச் சொற்கள் கற்றுக்கொடுக்கின்றன. நேர்மையற்ற எண்ணம் இல்லாவிட்டால் மூன்றில் ஒன்றுகூட இல்லை. அது வெறும் கணக்கு வழக்கு, சிவில்.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு இருந்த 302 இப்போது 103. ஏமாற்றுக்கு இருந்த 420 இப்போது 318-க்குள் அடங்கிவிட்டது. 160 ஆண்டுகளுக்கு மேல் கேட்டுப் பழகிய எண்கள் ஒரே நாளில் மாறின. பெயரும் இந்த முறை இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை. மறுபடியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்க வேண்டியதுதான்.

5. சொல் இருந்தும் குற்றம் இல்லாத காலம்

இப்போது நான் சொல்லப்போவது நம் ஊருக்குக் கசப்பானது.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் கோத்து நெய்வது. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும், ஒரே ஆளால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில், பல தறிகளில் அந்தக் கை ஒரு சிறுவனுடையது, ஒரு சிறுமியுடையது.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் மூன்றாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "தறிக்குப் போயிட்டான் சார்" என்று பக்கத்துப் பையன் சொல்வான். அப்பா முன்பணம் வாங்கியிருப்பார். பணம் அடையும்வரை பிள்ளை அடுத்தவர் தறியில். வட்டி ஏற ஏறப் பிள்ளையும் வளர்ந்துவிடுவான். வருகைப் பதிவேட்டில் நாங்கள் போட்ட சிவப்புக் கோடுகள்தான் அந்தப் பிள்ளைகளின் பெயரில் இருந்த ஒரே ஆவணம்.

இது அப்போது சட்டப்படி குற்றமா? குற்றம்தான். பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பது 1933-லேயே தனிச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுவிட்டது. பெற்றோருக்கு 50 ரூபாய்வரை, வேலை வாங்குபவருக்கு 200 ரூபாய்வரை அபராதம். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் நெசவும் இருந்தது. ஆனால் குடும்பத்தாரைக் கொண்டே நடத்தும் தறிக்கூடத்துக்கு விலக்கு இருந்ததால், யார் வீட்டுப் பிள்ளையும் "நம்ம வீட்டுப் பிள்ளை" ஆகிவிட்டது.

சட்டப் புத்தகத்தில் குற்றம் என்று எழுதியிருந்தும் தெருவில் யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. "தொழில் கத்துக்கிறான்" என்று சொன்னோம். அந்தக் காலத்துக் குற்றக் கணக்கை எடுத்துப் பார்த்தால் நம் ஊர் மிக நல்ல ஊராகத் தெரியும்.

1996 டிசம்பரில் சிவகாசித் தொழில் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அபாயமான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதன் பிறகு கணக்கெடுப்பு, சோதனை, வழக்கு, சிறப்புப் பள்ளிகள் என்று வேலை சூடு பிடித்தது. வழக்குகள் பதிவானபோது "திடீர்னு இவ்வளவு கேஸா" என்று ஊரில் பேச்சு. திடீரென்று எதுவும் நடக்கவில்லை. அதுவரை எண்ணாததை எண்ணத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். குற்ற எண்ணிக்கை கூடிய அந்த ஆண்டுகளில்தான் என் வகுப்பில் பெஞ்சு நிறைந்தது.

6. எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு

இதனால்தான் "குற்றம் பெருகிவிட்டது" என்றால் நான் மறு கேள்வி கேட்கிறேன். பள்ளிக்கூடக் கணக்காக ஒன்று போடுவோம். இது கற்பனை ஊர். மக்கள் 2 லட்சம், ஆண்டுக்கு 400 வழக்கு. லட்சத்துக்கு 200. இருபது வருடம் கழித்து மக்கள் 3 லட்சம், வழக்கு 510. எண்ணிக்கை கூடிவிட்டது. ஆனால் லட்சத்துக்கு 170 தான், விகிதம் குறைந்துவிட்டது. 'கிரைம் ரேட்' என்று புள்ளிவிவரம் சொல்வது இந்த லட்சத்துக்கு இத்தனை என்ற கணக்கைத்தான்.

இன்னொன்று, அது நடந்த குற்றங்களின் கணக்கு அல்ல, பதிவான வழக்குகளின் கணக்கு. பிடிக்கத்தக்க குற்றம் பற்றிய புகார் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பும் ஊரில் குற்றம் குறைவாகத் தெரியும். வாங்கிப் பதிவு செய்யும் ஊரில் அதிகமாகத் தெரியும். எது நல்ல ஊர்?

மிகச் சமீபத்திய உதாரணம் 2020. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி நாட்டில் பதிவான வழக்குகள் 51,56,172-லிருந்து 66,01,285 ஆயின. ஒரே ஆண்டில் 28 சதவீத உயர்வு. விகிதம் 385.5-லிருந்து 487.8. எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆண்டு அது! காரணம் எளிது. அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல் என்ற 188-ஆம் பிரிவு வழக்குகள் 29,469-லிருந்து 6,12,179 ஆகிவிட்டன. ஊரடங்கில் வெளியே வந்தவர்கள். அதே ஆண்டில் திருட்டு வழக்குகளும் வழிப்பறி வழக்குகளும் குறைந்தன.

மதுவிலக்கும் அப்படித்தான். 1937 சட்டம் 1948-இல் மாகாணம் முழுவதற்கும் பரவியபோது கள் குடித்தவர் குற்றவாளியானார். 1971-இல் தளர்த்தியபோது அதே ஆள் வாடிக்கையாளர். 1974-க்குள் மறுபடியும் மூடியபோது மறுபடியும் குற்றவாளி. மனிதன் மாறவில்லை, தென்னை மரமும் மாறவில்லை.

இதற்காக எல்லாப் பெருக்கமும் பொய் என்று சொல்ல வரவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் நம் மாகாணத்தில் தானியக் கொள்ளையும் திருட்டும் நிஜமாகவே பெருகின, ஏனென்றால் பசி நிஜமானது. நம் காலத்தில் நிஜமாகப் பெருகுவது இணையக் குற்றம். 2021-இல் நாடு முழுவதும் 52,974 வழக்கு, 2022-இல் 65,893. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

7. ஊரே சட்டம் படித்த ஒன்பது ஆண்டுகள்

2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்திலேயே கோயில் மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். நவம்பர் 11, தீபாவளி இரவில் காஞ்சி மடாதிபதி ஜெயேந்திரர் கைது செய்யப்பட்டார். உலகமே நம் ஊரைப் பார்த்தது. 2005 ஜனவரி 10-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. அதே ஆண்டு வழக்கு புதுச்சேரிக்கு மாற்றப்பட்டது. 2013 நவம்பர் 27-இல் குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் விடுதலை செய்யப்பட்டனர். விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சிகள் ஆனார்கள்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது. சொற்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த ஒன்பது ஆண்டுகளில் பூக்கடைக்காரர்கூட 'அப்ரூவர்', 'ஹோஸ்டைல்' என்று பேசினார். ஜாமீன் கிடைத்த அன்றே "விடுதலை ஆயிட்டார்" என்று ஒரு சாரார். கைதான அன்றே "குற்றவாளி" என்று இன்னொரு சாரார். இரண்டு சொல்லும் தவறு. ஜாமீன் என்பது விசாரணை முடியும்வரை வெளியே இருக்க அனுமதி, அதனால் குற்றமற்றவர் என்று ஆகாது. கைது என்பது விசாரணையின் ஒரு கட்டம், அதனால் குற்றவாளி என்று ஆகாது. தீர்ப்புக்கு முன் அவர் 'அக்யூஸ்ட்', குற்றம் சாட்டப்பட்டவர். தண்டனை பெற்ற பிறகே 'கன்விக்ட்', குற்றவாளி. குற்றம் நிரூபிக்கப்படாமல் போனால் 'அக்விட்டல்', அதுதான் விடுதலை.

இன்றும் "குற்றவாளி கைது" என்று தலைப்புப் போடும் பத்திரிகைகள் உண்டு. என் பழைய மாணவர்களில் செய்தித் துறையில் இருப்பவர்கள் கவனிக்க.

கொல்லப்பட்டவரின் குடும்பத்தை நினைத்தால் எனக்கு வேறு ஒரு கவலையும் வருகிறது. குற்றம் நடந்தது உறுதி, செய்தவர் என்று சட்டம் காட்ட ஒருவரும் இல்லை. இந்த நிலைக்கு எந்த மொழியிலும் சரியான சொல்லை நான் பார்க்கவில்லை.

8. சுவாமி படத்துக்குப் பின்னால் ஒரு நோட்டீஸ்

இரண்டு தறி வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கவரோடு வந்தார். முழுக்க இங்கிலீஷில் வக்கீல் நோட்டீஸ். நூல் கடன் வாங்கிய இடத்தில் அவர் கொடுத்த செக் திரும்பியிருக்கிறது. கவர் வந்து 11 நாள் ஆகியிருந்தது. பேங்கு விளம்பரம் என்று நினைத்து சுவாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாராம். கல்லூரி படிக்கும் அண்ணன் மகள் எடுத்துப் பார்த்து, "சித்தப்பா, 'டிஸ்ஹானர்'னு போட்டிருக்கு, அவமானம்னு அர்த்தம், உங்களைத் திட்டியிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

அகராதிப்படி அவள் சொன்னது சரி. ஆனால் செக் விஷயத்தில் 'டிஸ்ஹானர்' என்றால் பணம் கொடுக்காமல் வங்கி திருப்பியது என்று பொருள். அதன் பின்னால் 138-ஆம் பிரிவு இருக்கிறது. நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கே இல்லை. தவறினால் குற்ற வழக்கு, இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும்.

மிச்சம் இருந்தது நான்கு நாள். அவர் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்தார். அடகு வைத்து, மூன்றாம் நாள் பணம் கட்டி, ரசீது வாங்கினோம். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. கூலி வர வேண்டிய இடத்தில் தாமதம், அவ்வளவே. அண்ணன் மகள் அந்தக் கவரை எடுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த ஆண்டுக் குற்றக் கணக்கில் அவரும் ஓர் எண்.

அதற்குப் பிறகுதான் ஞாயிறு மாலைகளில் என் வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து இந்தச் சொற்களைப் படிக்கத் தொடங்கினோம். ஒரு நோட்டு, ஒரு பக்கம் இங்கிலீஷ்ச் சொல்லைத் தமிழ் எழுத்தில், மறுபக்கம் பொருள், அதற்குக் கீழே "எத்தனை நாளுக்குள்?" என்று ஒரு கேள்வி. கோர்ட்டுச் சொற்களில் பாதிக்கு மேல் ஒரு கெடு ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் பாடம்.

9. சொல்லே ஆயுதமாகும்போது

கடைசியாக, என் வயதுக்காரர்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டிய பகுதி.

வீடியோ அழைப்பு வரும். போலீஸ் உடுப்பு தெரியும். "உங்கள் ஆதாரில் போதைப் பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது. மணி லாண்டரிங். நான் பெயிலபிள் வாரண்ட். நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், கேமரா முன்னால் இருந்து எழக்கூடாது" என்பார்கள். ஓய்வூதியப் பணம் முழுவதையும் "வெரிஃபிகேஷனுக்கு" அனுப்பச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் செல்போன் முன் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு 40 ஆண்டு தைரியம் சொல்லிக்கொடுத்தவர். நல்லவேளை, மருமகள் பார்த்துவிட்டாள்.

கவனியுங்கள். அந்தத் திருடனிடம் கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. நான்கைந்து இங்கிலீஷ்ச் சட்டச் சொற்கள் மட்டும்தான். அவற்றின் பொருள் நமக்குத் தெரியாது என்பதுதான் அவன் முதலீடு. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. 2024 அக்டோபர் 27-இல் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார்.

ஆகவே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்:

கைது என்றால் ஆள் நேரில் வர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு இது. வக்கீலைப் பார்க்கும் உரிமையும் அதிலேயே இருக்கிறது.

'நான் பெயிலபிள்' என்றால் ஜாமீனே கிடையாது என்று பொருள் அல்ல. காவல் நிலையத்தில் உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் நினைத்தால் கொடுக்கலாம் என்று பொருள்.

எஃப்.ஐ.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை. தகவல்தான், தீர்ப்பு அல்ல. புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம்.

எந்தப் போலீஸும் எந்த நீதிபதியும் செல்போனில் பணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-க்கு அழையுங்கள்.

அந்த நாளில் ஒரு காஞ்சிப் பெண், நாடகத்தில்தான் என்றாலும், நீதிமன்றத்துக்குப் போகப் பயந்தாள். அவள் பயந்தது அடுத்தவனின் பணத்துக்கு. இன்று நாம் கூடுதலாகச் சொல்லுக்கும் பயப்படுகிறோம். பணத்தை உடனே மாற்ற என்னால் முடியாது. சொல்லின் பயத்தைப் போக்குவது வாத்தியார் வேலை, அதற்கு ஓய்வு கிடையாது.

உங்கள் வீட்டில், தெருவில் வழங்கும் பழைய கோர்ட்டுச் சொற்கள் எவை? தாத்தா பாட்டி சொல்லக் கேட்டதை எழுதுங்கள். பொருள் தெரியாமல் கையில் வைத்திருக்கும் காகிதம் ஏதாவது இருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றே தெரிந்தவரிடம் காட்டிப் படித்துவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு சந்திப்போம்.